நான்காம் வேனின் அய்யோக்கள்

ஜூலை 8, திங்கள்

அம்மாவின் வேலை போனால் அதற்குக் காரணம் நான்தான். இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொல்லாமல் தூங்கவும் முடியவில்லை. அதனால் போன வருட அறிவியல் நோட்டில் மிச்சமிருக்கும் பக்கங்களில், போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். அம்மா எங்கள் பள்ளியின் நான்காம் எண் வேனில் ஆயா. பதினொரு வருடமாக. நானும் அதே பள்ளியில்தான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன், அதே வேனில்தான் போகிறேன். எங்கள் தாளாளர் ஐயாவின் மருமகன் பெங்களூரில் ஏதோ பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு, போன மாதம் நிர்வாக அலுவலராக இங்கே வந்திருக்கிறார். அறைக் கதவில் ‘ஆர். கிரிதரன்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஆனால் வாட்ச்மேனிலிருந்து தலைமையாசிரியை வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை சார்தான். வந்த வாரமே பள்ளியில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுத்தார். ‘தாங்கள் செய்யும் பணிகளைச் சுருக்கமாக எழுதுக.’ அதன் கீழே பத்துக் கோடுகள்.

அம்மா எட்டாவது வரை படித்தவள். எழுதத் தெரியும், ஆனால் தன் கையெழுத்தை யாருக்கும் காட்டமாட்டாள். “நீதான் தமிழ்ல தொண்ணூத்தெட்டு வாங்கறயே, நீயே எழுதிப் போடு கண்ணு” என்று என்னிடம் தாளைக் கொடுத்துவிட்டு, வெங்காயம் அரிந்துகொண்டே அரைமணி நேரம் சொன்னாள். நானும் தலையாட்டிக் கேட்டேன். மறுநாள் மதிய இடைவேளையில் வகுப்பில் உட்கார்ந்து எழுதினேன்:

1. வேன் கதவைத் திறத்தல்.
2. மாணவர்களை ஏற்றி இறக்குதல்.
3. வேன் கதவை மூடுதல்.

‘சுருக்கமாக எழுதுக’ என்றால் அது இரண்டு மதிப்பெண் வினா. இரண்டு மதிப்பெண்ணுக்கு மூன்று வரிக்கு மேல் எழுதுகிறவள் மக்கு என்று எங்கள் தமிழம்மா சொல்லியிருக்கிறார். அதனால்தான் மூன்று வரி. அப்போது பக்கத்தில் பிரார்த்தனா உட்கார்ந்து, “என்னடி அது, காட்டு” என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கும் மூன்று வரிக்கும் சம்பந்தம் இல்லை.

அம்மா படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள். குக்கர் விசில் வந்துவிட்டது.

இன்று மாப்பிள்ளை சார் அம்மாவைக் கூப்பிட்டார். கதவைத் திறக்கவும் மூடவும் டிரைவர் சீட்டிலேயே ஒரு பொத்தான் வைத்துவிடலாம், நடுவில் இருக்கும் ஒரு வேலையை டிரைவரே பார்த்துக்கொள்வார், அடுத்த திங்கட்கிழமை ஒத்திகை பார்ப்போம், சரியாக வந்தால் மாதக் கடைசியோடு நீங்கள் ஓய்வெடுக்கலாம் என்று சொன்னாராம். மற்ற நான்கு வேன்களின் ஆயாக்களும் தாளில் ‘எல்லா வேலையும்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். அதில் எதைக் குறைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கள் தாளில்தான் எல்லாம் தெளிவாக இருந்ததாம். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றும் பாராட்டினாராம்.



ஜூலை 9, செவ்வாய்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. கணக்கு டெஸ்டில் முப்பத்தொன்று. மாலையில் கொத்தமல்லி வாங்க மறந்துவிட்டேன்.

வேனில் நானும் அம்மாவை ஆயா என்றுதான் கூப்பிடுவேன். எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஒருத்தி மட்டும் வேறு மாதிரி கூப்பிட்டால் சின்னப் பிள்ளைகளுக்குக் குழப்பம் வரும்.

சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: “நாஞ் சொன்னதெல்லாம் எழுதுனீல்ல கண்ணு?”

“எழுதினேன்மா.”

“அந்த வாந்தி சமாச்சாரம்?”

“ம்.”

“ரெட்டப் புள்ளைங்க கடிச்சு வெச்சுக்கறது?”

“ம்.”

அம்மா ரசச் சோற்றைப் பிசைந்தாள். பிறகு சொன்னாள்: “அப்ப அந்தத் தம்பிக்குத் தமிழ் படிக்க வராதாட்ட இருக்குது. பாவம், பெங்களூர்லயே இருந்துட்டாரு.”

எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூலை 10, புதன்

மாப்பிள்ளை சார் அறைக்குப் போனேன். நானாகத்தான் போனேன். கதவுக்கு வெளியே நின்று நூறு வரை எண்ணினேன். பிறகு இன்னொரு நூறு. அவரே வெளியே வந்து, “யாரும்மா, என்ன வேணும்?” என்று கேட்டுவிட்டார்.

“நாலாம் நம்பர் வேன் ஆயா குடுத்த தாள்ல கொஞ்சம் விட்டுப்போச்சு சார். இன்னொரு தாள் வேணும்.”

“அவங்களுக்கு நீ யாரு?”

“அதே வேன்ல வர்றேன் சார்.”

இது பொய் இல்லை.

அவர் கோபப்படவில்லை. மேஜை மேலே ஒரு ஸ்டாப் வாட்ச் இருந்தது. அதை எடுத்து ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “குடு. வெள்ளிக்கிழமைக்குள்ள குடு. ஆனா இந்த வாட்டி விவரமா வேணும். கை எங்க வெக்கறாங்க, கால் எங்க வெக்கறாங்க, எதையும் விடக்கூடாது.”

விவரமாக என்றால் கட்டுரை வினா. முன்னுரை, உட்தலைப்புகள், படம், முடிவுரை எல்லாம் வேண்டும். எனக்கு அதில் ஒருபோதும் மதிப்பெண் குறைந்ததில்லை. மூன்று நாளில் முதல் தடவையாக இன்று கொஞ்சம் பசித்தது.

ஜூலை 11, வியாழன்

நேற்று மாலையும் இன்று இரு வேளையும் கடைசி சீட்டில் உட்கார்ந்து, கணக்கு நோட்டை விரித்துவைத்துக்கொண்டு அம்மா செய்வதை எல்லாம் எழுதினேன்.

1. வேன் நிற்கும் முன்பே எழுந்து நிற்றல்.
2. இடக்கையால் கம்பியைப் பற்றுதல்.
3. முந்தானையை இடுப்பில் செருகுதல்.
4. வலக்கையால் கதவுக் கொக்கியை நீக்குதல்.
5. ‘வா சாமி’ எனல்.
6. சாமி வராவிடில் மீண்டும் ‘வா சாமி’ எனல்.

மூன்றாவது நிறுத்தம் வருவதற்குள் அறுபத்தொன்று ஆகிவிட்டது. அம்மா ஒரு நிமிடம்கூடச் சும்மா இருப்பதில்லை. எல்.கே.ஜி. லோகித்தைத் தூக்குகிறாள். யு.கே.ஜி. இரட்டையர்கள் நிதுலனையும் நிதுலாவையும் பிரிக்கிறாள். இரண்டாம் வகுப்புப் பிரணவிகாவின் தண்ணீர் பாட்டிலை மூடுகிறாள். முந்தானையில் கை துடைப்பதை மட்டும் பத்தொன்பது தடவை எழுதினேன்.

நடுவில் என் சீட்டுக்கு வந்து, “என்ன பாப்பா, பரிச்சையா?” என்று கேட்டாள். வேனில் என்னையும் மற்றவர்களைப் போலப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். நான் அப்படிச் சொல்லச் சொன்னதில்லை. அவளாகவே ஆரம்பித்தாள்.

ஜூலை 12, வெள்ளி

இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். பதினான்கு பக்கங்கள். வேனின் குறுக்குவெட்டுத் தோற்றம் வரைந்து, பாகங்களைக் குறித்து, வண்ணமும் தீட்டினேன். முடிவுரை: ‘இவ்வாறு ஆயா அவர்கள் தம் பணியைச் செவ்வனே ஆற்றி வருகிறார் என்பது தெள்ளத் தெளிவாகிறது.’

மாப்பிள்ளை சார் படிக்கப் படிக்க எழுந்து நின்றுவிட்டார். “இதத்தாம்மா நான் கேட்டேன்! இந்த ஸ்கூல்லயே ஒருத்தருக்கும் இது புரியல, உனக்குப் புரிஞ்சிருக்கு.”

தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அவர் பச்சைப் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டே வந்தார். “இதுல ஒண்ணாவது கஷ்டமான வேலையா இருக்கா, நீயே சொல்லு. கம்பியப் பிடிக்கறது. கை துடைக்கறது. வா சாமின்னு சொல்றது. யார் வேணா செய்யலாமே! இதுல ஒரு காப்பி எடுத்து டிரைவர் கையில குடுத்துட்டாப் போதும். திங்கக்கிழமை ஒத்திகைக்கு இதையே வெச்சுக்கலாம். உங்க ஆயா அன்னிக்கு ஆபீஸ்ல உக்காரட்டும்.”

மூன்று வரியில் எழுதினேன், அம்மா தேவையில்லை என்று ஆனது. இருநூற்றுப் பன்னிரண்டு வரியில் எழுதினேன், சுத்தமாகத் தேவையில்லை என்று ஆகிவிட்டது.

ஜூலை 14, ஞாயிறு

எண்ணெய்க் குளியல். அப்பா லாரியில் நாக்பூரைத் தாண்டிவிட்டதாகப் போனில் சொன்னார். “ஊட்ல என்ன விசேசம்?” என்றார். “ஒண்ணுமில்லீங்ப்பா” என்றேன்.

ஜூலை 15, திங்கள்

 வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் வேனில் அம்மா இல்லை. டிரைவர் தேவராஜ் அண்ணன் பதினான்கு பக்கத்தையும் கிளிப் போட்டு மாட்டிவைத்திருந்தார். முதல் நிறுத்தத்திலேயே என்னைக் கூப்பிட்டார். “பாப்பா, நான் கண்ணாடி எடுத்துட்டு வர்ல. இதச் சித்தெ படிச்சுச் சொல்லு.”

நான் எழுதியதை நானே சத்தமாகப் படித்தேன். “மூணு, முந்தானையை இடுப்பில் செருகுதல்.”

“எனக்கேது முந்தானி?”

“அதை விட்டுருங்கண்ணா. ஒம்போது, முழங்காலை மடக்குதல்.”

“எந்த முழங்காலு?”

“போடலீங்ண்ணா.”

“போடாத எப்புடி மடக்கறது?” அவர் மாப்பிள்ளை சாருக்கு உண்மையிலேயே பயந்திருந்தார். எதையும் விட்டுவிட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, இரண்டு முழங்காலையும் மடக்கினார். பிடித்துக்கொண்டது. லோகித்தும் நானும் சேர்ந்து அவரைத் தூக்கி நிறுத்தினோம்.

ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை சார் போன் செய்து எங்கே வருகிறீர்கள் என்று கேட்டார். “நூத்திப் பதினெட்டுல நிக்கறனுங்க சார், இன்னும் பாலமே வர்லீங்க” என்றார் தேவராஜ் அண்ணன். பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தே கால். அதற்குள் நிதுலா நிதுலனைக் கடித்திருந்தாள்.

இதுவரை நடந்ததற்கு நான் சிரித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

மாலையில் தேவராஜ் அண்ணனுக்கு வெறுத்துவிட்டது. “எறக்கி உடறதுதான பாப்பா, கடைசிப் பக்கத்த மட்டும் படி” என்றார். படித்தேன். “நூத்தித் தொண்ணூத்தெட்டு, கையைப் பிடித்து இறக்குதல். நூத்தித் தொண்ணூத்தொம்போது, கதவை மூடுதல்.” ரைஸ்மில் நிறுத்தத்தில் அவர் லோகித்தின் கையைப் பிடித்து இறக்கிவிட்டார், கதவை மூடினார், வேனைக் கிளப்பினார். நான் குனிந்து இருநூறைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஐந்தரைக்குத் தேவராஜ் அண்ணனுக்குப் போன் வந்தது. லோகித் வீட்டுக்கு வரவில்லை.

அதன் பிறகு இருபது நிமிடத்தை எழுத முடியாது.

ரைஸ்மில்லுக்குப் பக்கத்து சலூனில் இருந்தான். உயரமான நாற்காலியின் கைகளில் குறுக்கே பலகை போட்டு, கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருந்தான். தலையின் ஒரு பக்கம் வெட்டி முடிந்திருந்தது. “அப்பா வண்டிய நிறுத்திட்டு வர்றாருன்னு சொல்லுச்சுங்க” என்றார் முடி வெட்டுபவர். லோகித் எங்களைப் பார்த்ததும் அழவில்லை. “இன்னொரு சைடு?” என்று கேட்டான்.

ரைஸ்மில் நிறுத்தத்தில் லோகித்தின் அத்தை வந்து நிற்பார். வாரத்தில் இரண்டு நாள் அவருக்கு மில்லில் ஷிப்ட் முடிய நேரமாகிவிடும். அந்த நாட்களில் அம்மா அவனை இறக்குவதே இல்லை. கடைசி நிறுத்தம் வரை கூட்டிக்கொண்டு போய், திரும்பும்போது ஒப்படைப்பாள். நான் பார்த்த இரண்டு மாலையும் அத்தை வந்து நின்றிருந்தார். அதனால் என் பட்டியலில் அத்தையே இல்லை. அம்மாவின் கை எங்கே போகிறது என்றுதான் எழுதினேன். அவள் இறக்குவதற்கு முன்னால் யாரைப் பார்க்கிறாள் என்று நான் பார்க்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

வருகைப் பதிவேட்டை அலுவலகத்தில் கொடுக்க நானும் பிரார்த்தனாவும் போனோம். மாப்பிள்ளை சார் அறைக்கதவு திறந்திருந்தது. லோகித்தின் அம்மா அவனைத் தூக்கி மேஜை மேலேயே நிறுத்தியிருந்தார். “பாருங்க சார்! பாதித் தல! மீதியையும் உங்க ஸ்கூல்லயே எடுத்து உடறீங்களா?” லோகித் தலையைத் திருப்பித் திருப்பி எல்லோருக்கும் காட்டினான்.

அவர்கள் போனதும் மாப்பிள்ளை சார் தண்ணீர் குடித்தார். எதிரே அம்மா நின்றுகொண்டிருந்தாள். “விவரம் பத்தல” என்றார். “இருநூத்திப் பன்னெண்டு பத்தல. ஐநூறாவது வேணும். இத எழுதினது யாரு?”

அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கதவுப் பக்கம் திரும்பாமல், “எழுதத் தெரிஞ்சவிய யாரோ எழுதுனாங்க” என்றாள்.

 என் குரலே எங்கிருந்தோ கேட்டது. “நான்தான் சார். மூணு வரியும் நான்தான், இருநூறும் நான்தான். அவங்க எங்கம்மா.”

பிரார்த்தனா என் கையிலிருந்த பதிவேட்டை வாங்கிக்கொண்டாள், நான் கீழே போட்டுவிடுவேன் என்று பயந்து. வகுப்புக்குத் திரும்பும் வழியில், “எனக்கு ஆறாவதுலயே தெரியும்டி. ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு” என்றாள். ஐந்து வருடம் வீணாக ஒளித்திருக்கிறேன்.

மாப்பிள்ளை சாருக்குக் கோபம் இல்லை, குழப்பம்தான். கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார். வியாழக்கிழமைக்குள் புதிய பட்டியல் வேண்டும். வெள்ளிக்கிழமை அவரே ஆயாவாக வேனில் வந்து, அதன்படி செய்து பார்ப்பார். இது ஓட்டுகிறவர் சேர்த்துச் செய்கிற வேலை இல்லை என்று அவருக்கே தோன்றினால் அம்மா இருக்கலாம். இல்லையென்றால் பொத்தான்.

வீட்டுக்கு வந்து அம்மா இரண்டு தாள்களையும் தரையில் வைத்துப் படித்தாள். முதலில் மூன்று வரி.

“பதினோரு வருசம்” என்றாள்.

“அது ரெண்டு மார்க் கேள்விம்மா.”

“எனக்கு ரெண்டு மார்க்குதான் போடுவியா?”

அதன் பிறகு நான் சொன்னதையும் அம்மா சொன்னதையும் இங்கே எழுதப்போவதில்லை. கடைசியில் இருநூற்றுப் பன்னிரண்டையும் சத்தமாகப் படித்தாள். “‘சாமி வராவிடில் மீண்டும் வா சாமி எனல்’” என்று படித்தபோது சிரிப்பு வந்து, சுவரில் சாய்ந்து, கண்ணைத் துடைத்து, “இருவதாவது வாட்டி முந்தானில தொடைக்கறேன், எழுதிக்க” என்றாள்.

ஜூலை 17, புதன்

ஐநூறு வரி எழுதினால் சரியாகிவிடுமா? தேவராஜ் அண்ணனுக்கு எந்த முழங்கால் என்று தெரிந்திருக்கும். லோகித் அப்போதும் சலூனில்தான் இருந்திருப்பான்.

எவ்வளவு எழுதுவது என்பதை எந்த வினாத்தாளும் எனக்குச் சொல்லப்போவதில்லை. இதற்கு மதிப்பெண் போட்டிருக்கவில்லை.

ஜூலை 18, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். நான் கண்டுபிடித்தேன் என்று சொல்வது சரியில்லை. அம்மா கத்தினாள், நான் கவனித்தேன்.

நேற்று மாலை அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து முதலிலிருந்து கேட்டேன். “வேன் கதவைத் தெரியாத ஒருத்தர் திறந்தா என்னம்மா ஆகும்?”

“என்ன ஆகும்? தெறக்கும்.”

‘கதவைத் திறத்தல்’ என்று எழுதினேன். கொக்கி, கம்பி, இடக்கை எல்லாம் போயிற்று.

“மூடினா?”

“அய்யோ! அந்தப் பிரணவிகா வெரல இடுக்குலயேதான் வெச்சிருப்பா!”

கத்தியே கையிலிருந்து நழுவிவிட்டது. அங்கேதான் எனக்குப் புரிந்தது. திறப்பதும் மூடுவதும் ஒரே கதவுதான். ஆனால் ஒன்றை ஒரு வரியோடு விட்டுவிடலாம், மற்றதை விட முடியாது. எனவே மூடுவதை உடைத்தேன்: எல்லோரையும் இரண்டு கையையும் தூக்கச் சொல்லுதல், பிரணவிகாவின் கையைத் தனியாகப் பார்த்தல், பிறகு மூடுதல்.

“கை தூக்கச் சொல்றதத் தெரியாதவங்க சொன்னா?”

“ஆரு சொன்னாலும் தூக்கும். ஒண்ணும் ஆவாது.”

நிறுத்தினேன். அதற்குக் கீழே போகவில்லை.

அப்படியே போனோம். அய்யோ வந்தால் உடைக்க வேண்டும். ஒண்ணும் ஆவாது என்று வந்தால் நிறுத்திவிட வேண்டும். முந்தானையில் கை துடைப்பது? “தொடைக்காட்டி காயுது.” பத்தொன்பது வரிகளை ஒரே கோட்டில் அடித்தேன். நிதுலனை ஏற்றுவது? “அய்யோ!” ஏனென்றால் பூரி தின்ற நாளில் பாலத்து மேட்டில் ஏறும்போது வாந்தி எடுப்பான், மற்ற நாளில் எடுக்கமாட்டான். ஆகவே ஏறும்போதே என்ன சாப்பிட்டான் என்று கேட்க வேண்டும். பூரி என்றால் ஜன்னலோரம், கையில் கவர். லோகித்தை இறக்குவது? அம்மா அய்யோ சொல்வதற்குள் நானே சொன்னேன்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தபோது அம்மா, “கடைசியா சீட்டுக்கு அடியில பாக்கோணும்” என்றாள்.

“பார்க்கலைன்னா?”

இதற்கு மட்டும் அவள் அய்யோ சொல்லவில்லை. வெங்காயத்தைக் கீழே வைத்தாள். “தூங்கற புள்ள சத்தம் போடாது கண்ணு. வேனப் பூட்டிட்டு வெயில்ல நிறுத்திருவாங்க.” தினமும் இரண்டு வேளையும், எல்லா சீட்டுக்கும் அடியில், மண்டிபோட்டுப் பார்க்கிறாளாம். நான் மற்றவர்களோடு இறங்கிப் போய்விடுவேன், அதனால் ஒருநாளும் பார்த்ததில்லை. மூன்று வரியிலும் இல்லை, இருநூற்றுப் பன்னிரண்டிலும் இல்லை.

மொத்தம் இருபத்துமூன்று வரிகள். முன்னுரை இல்லை. படம் இல்லை. இன்று காலை மாப்பிள்ளை சாரிடம் கொடுத்தேன். “இவ்ளோதானா?” என்றார்.

நாளை வெள்ளிக்கிழமை. காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் இல்லை.

ஜூலை 19, வெள்ளி

மாப்பிள்ளை சார் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஆறே முக்காலுக்கே வேனடியில் நின்றார். அம்மாவைக் கடைசி சீட்டில் உட்காரச் சொன்னார். வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவு. எனக்கும்தான்.

நிதுலன் ஏறினான். மாப்பிள்ளை சார் தாளைப் பார்த்துவிட்டுக் குனிந்து, “காலைல என்ன சாப்பிட்டே?” என்றார்.

“பூரி. அஞ்சு.”

ஜன்னலோரம் உட்காரவைத்தார். பாலத்து மேட்டில் சரியான நேரத்துக்குக் கவரை நீட்டினார். பாதி கவரில் விழுந்தது, மீதி அவர் சட்டைக் கையில். அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். அதற்கு மேல் அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அந்தக் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காயவைத்துக்கொண்டார். அதே நேரத்தில் நிதுலா வாயைத் திறந்துகொண்டு நிதுலனை நோக்கிப் போனாள். இடையில் லோகித்தைத் தூக்கி வைத்தார். வேன் பள்ளியில் நின்றதும் சீட்டுக்கு அடியில் மண்டிபோட்டுப் பார்த்தார். எழுந்தபோது முழங்காலெல்லாம் மண். அவர் முகம் காலையில் இருந்த மாதிரி இல்லை.

“தேவராஜ், இதுல எதையாவது நீங்க ஓட்டிட்டே பாக்க முடியுமா?”

“எனக்கு எடது பக்கத்துல ஆளு நிக்கறதே தெரியாதுங்க சார். நான் ரோட்டப் பாக்கறதா, பூரியப் பாக்கறதா?”

மாலையில்தான் அது நடந்தது. செக்குமேட்டில் பிரணவிகாவின் நிறுத்தம். தினமும் அவள் அப்பாவோ சித்தியோ வருவார்கள். இன்று அங்கே வெள்ளை வேட்டியில் நின்றவர் தாளாளர் ஐயா. எங்கள் பள்ளியின் சொந்தக்காரர், மாப்பிள்ளை சாரின் மாமனார்.

“ஏனுங் மாப்ளே, நீங்களா! அந்தப் புள்ளையோட ஊட்ல வளைகாப்புங்க. எல்லாருஞ் சோலியா இருக்கறாங்க. நான் வந்த எடத்துல, புள்ளையக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டேன். எறக்கி உடுங்க.”

மாப்பிள்ளை சார் பிரணவிகாவின் கையைப் பிடித்து எழுப்பினார். பிறகு தாளைப் பார்த்தார். அதில் இருப்பது எனக்கு மனப்பாடம். ‘பத்தொன்பது: பிரணவிகாவை அப்பா அல்லது சித்தியிடம் மட்டும் தருதல். வேறு யார் வந்தாலும், எவ்வளவு பெரியவர் ஆனாலும், வீட்டுக்குப் போன் செய்து கேட்காமல் தரக்கூடாது.’

போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தூரத்தில் மைக் செட் சத்தம். யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் முறை. எடுக்கவில்லை.

“யாரு இந்தத் தாத்தா?” என்று பிரணவிகா வேன் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

ஐயாவின் முகம் சுருங்கியது. “மாப்ளே. பள்ளிக்கூடமே என்னுதுங்க.”

“தெரியுங்க மாமா.”

மாப்பிள்ளை சார் திரும்பிக் கடைசி சீட்டைப் பார்த்தார். அம்மா ஜன்னலுக்கு வெளியே யாருடைய ஆடுகளையோ பார்த்துக்கொண்டிருந்தாள். பேசக் கூடாது என்று அவர்தானே சொல்லியிருந்தார். நான் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் இப்போது கொடுத்துவிட்டால் அந்த வரி வெறும் அலங்காரம் என்று ஆகிவிடும். கொடுக்காவிட்டால் அவர் மாமனார் அங்கேயே எங்கள் எல்லோரையும் இறக்கிவிடலாம்.

“போன் எடுக்க மாட்டேங்கறாங்க மாமா” என்றார் மாப்பிள்ளை சார்.  “குடுக்க முடியாதுங்க.”

வேனில் பத்தொன்பது பிள்ளைகள். எல்லோரும் சீட்டில் ஏறி நின்று பார்த்தார்கள். ஐயா படியில் ஒரு காலை வைத்து, மாப்பிள்ளை சார் கையிலிருந்த தாளை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, பத்தொன்பதாம் வரியை இரண்டு தடவை படித்தார்.

“இத்தன நாளா இத ஆரு பாத்துட்டு இருந்தா?”

மாப்பிள்ளை சார் அம்மாவைக் காட்டினார்.

“இந்தம்மாவுக்குப் பதுலாத்தான் நீங்க பொத்தானு வெக்கறேன்னீங்களா?”

“ஆமாங்க மாமா.”

“பொத்தானு என்னயத் தடுக்குமாங் மாப்ளே?”

மாப்பிள்ளை சார் மறுபடியும் போனை எடுத்தார். அதற்குள் பிரணவிகாவின் சித்தி, கன்னமெல்லாம் சந்தனத்தோடு ஓடி வந்து, “மன்னிச்சுக்குங்க ஆயா, பாட்டுச் சத்தத்துல கேக்கல” என்று கையை நீட்டினாள். ஆயா கடைசி சீட்டில் இருந்தாள். மாப்பிள்ளை சார்தான் பிள்ளையைக் கொடுத்தார்.

ஐயா தாளைத் திருப்பிக் கொடுத்தார். “அந்தம்மாவே பாக்கட்டும். நீங்க எறங்கி வாங்க, வளைகாப்புல சாப்புட்டுப் போலாம்.” இறங்கும்போது மாப்பிள்ளை சார் அம்மாவிடம், “இதையே மத்த நாலு வேனுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தரலாமுங்களா?” என்று கேட்டார்.

“ஆவாதுங்க சார்” என்றாள் அம்மா. “அந்தந்த வேனுக்கு அந்தந்த அய்யோ இருக்குமுங்க. போயி ஒக்காந்து கேக்கோணும்.”

“யாரு கேப்பா?”

அம்மா என்னைக் காட்டினாள். “எம் புள்ள கேக்கும்.”

ஜூலை 20, சனி

பகலிலேயே எழுதுகிறேன். அம்மா பூண்டு உரிக்கிறாள்.

திங்கட்கிழமை இரண்டாம் வேன். அந்த ஆயா பிள்ளைகளை அதட்டும் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். அவரிடம் போய் நான் கேள்வி கேட்க வேண்டும்.  அம்மாவிடம் சொல்லிப் பழகினேன். “ஆயா, இதைத் தெரியாத ஒருத்தர் செஞ்சா என்ன ஆகும்?”

“சத்தமாக் கேளு. அவளுக்குக் காது மந்தம். அதனாலதான் அவ அப்புடிக் கத்தறா.”

“ஆயா, இதைத் தெரியாத ஒருத்தர் செஞ்சா என்ன ஆகும்?”

“இன்னும்.”

கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். பக்கத்து வீட்டு அக்கா கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். “அய்யோ, என்னாச்சுங்க்கா?”

“ஒண்ணும் ஆவுல” என்றாள் அம்மா. “பாப்பா வேலைக்குப் பழகறா.”